குதிகால் தடம்

உளுந்து ஊறிய தண்ணீரில் கறுப்புத் தொலி மிதந்தால் எனக்குத் தாத்தாவின் குதிகால் ஞாபகத்துக்கு வரும். சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

தை பிறந்து சம்பாக் கதிர் பழுத்துத் தலைசாய்ந்திருக்கும். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கையில் தாத்தா வயலில் இறங்கிக் குதிகாலை அழுத்தி ஊன்றுவார். "தடம் விழணும், தண்ணி ஊறக் கூடாது." அந்தப் பதம் வந்துவிட்டால் வேட்டி மடியில் உளுந்தைக் கட்டிக்கொண்டு, நிற்கிற நெல்லுக்குள்ளேயே விசிறிக்கொண்டு போவார். ஏக்கருக்குப் பத்துக் கிலோ. விதை ஆடுதுறை 3. நெல் தரிசுக்கு ஏற்ற ரகம். உழவு இல்லை, அதற்கப்புறம் தண்ணீர் பாய்ச்சுவதும் இல்லை. ஆட்கள் நெல்லை அறுக்கும்போது அரிவாளுக்கடியில் உளுந்து முளைத்து இலை விட்டிருக்கும். சம்பா மிச்சம் வைத்த ஈரம், மாசிப் பனி, அவ்வளவுதான் அதற்குச் சாப்பாடு. சித்திரைக்குள் காய் முற்றிவிடும்.

ஒருநாள் ஒரு செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சை நகத்தால் பிளந்து காட்டினார். உள்ளே குழந்தையின் ஈறு மாதிரி இளஞ்சிவப்பு. "நம்ம யூரியா மூட்டை இதுதான்டா." காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்கள் அதற்குள் இருப்பதையும், சிவப்பு இருந்தால் அவை வேலை செய்கின்றன என்பதையும் நான் காலேஜில்தான் படித்தேன். தாத்தா நாலாவதோடு நின்றவர்.

உளுந்து எடுத்ததும் கிடை. ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் செம்மறிகளை ஓட்டிவந்து ராத்திரிக்கொரு இடமாக அடைப்பை நகர்த்துவார்கள். புழுக்கையும் மூத்திரமும் கலந்த அந்த வாடை எனக்குக் கோடை விடுமுறையின் வாடை. ஜூன் 12 மேட்டூர் திறந்து, வாய்க்காலில் நுரையோடு தண்ணீர் வரும்வரை வயல் அவர்களுடையது.

அறுப்பு மிஷின் வந்தது. குனிந்தே முதுகு போன பெண்களைப் பார்த்தவன் நான். மிஷினைத் திட்ட மனம் வராது. ஆனால் அது இறங்க வயல் காய வேண்டும், உளுந்து முளைக்க வயல் நனைந்திருக்க வேண்டும். முளைத்ததும் பெல்ட்டில் நசுங்கிப் போகிறது. அறுத்த பிறகு தெளிக்கலாம் என்றால் ஈரம் இருப்பதில்லை. ஆற்றுத் தண்ணீர் தாமதித்து, நடவு தள்ளிப்போன வருஷங்களில் பனியும் முடிந்திருக்கும். இப்போது மாவுக்கு நாங்கள் வாங்குவது பர்மா உளுந்து. இட்லி நன்றாகத்தான் வருகிறது, அதில் பொய் சொல்லக் கூடாது.

போன தையில் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா வரப்பிலிருந்து இறங்கிக் குதிகாலை ஊன்றினார். தடம் விழுந்தது, தண்ணீர் ஊறவில்லை. தாத்தா சொன்ன பதம் அப்படியே. போனை எடுத்து மிஷின்காரரிடம் சொன்னார்: "ஈரம் கெடக்கு தம்பி, நாலு நாள் போகட்டும்." திண்ணையில் விதை உளுந்து கால் மூட்டை கட்டியபடி இருந்தது.