ஏன் பிடித்தது?

"உனக்குப் பிடித்த கதை எது?" என்று கேட்டால் எவரும் விடை கூறிவிடுவர். "ஏன் பிடித்தது?" என்று அடுத்துக் கேட்டுப் பாருங்கள்! பேச்சு தடைப்படும், பார்வை எங்கோ செல்லும், "என்னவோ, பிடித்துவிட்டது" என்ற பதில் வரும். ஆண்டவன் பெயரால் சொன்னாலும் ஆள்வோர் பெயரால் சொன்னாலும் 'ஏன்?' என்று கேட்கத் துணிந்த இளைஞர்கள்கூட, தாம் விரும்பும் கதையிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. விருப்பம் என்ன, விசாரணைக்கு அப்பாற்பட்டதா?

தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களிலிருந்து வந்து, கிடைத்த மாலைப் பொழுதிலே கூடிப் பேசும் வாசகர்கள் நாம். பள்ளி ஆசிரியர் உண்டு. பஞ்சாலைத் தொழிலாளி உண்டு. விடியுமுன் ஜீப்பேறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குச் சென்று, பொழுது சாய்ந்தபின் மலையிறங்கி வரும் தாய்மார்கள் உண்டு. நமக்கு விதி ஒன்றே: கதையின் பெயரைச் சொல்பவர் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். "நன்றாக இருந்தது" என்பது காரணமாக ஏற்கப்படமாட்டாது.

நம்மிடையே அடிக்கடி எழும் பெயர், அறிஞர் அண்ணாவின் 'செவ்வாழை'. உழவன் செங்கோடன் தன் பிள்ளைகளுக்கென்று கண்ணுங்கருத்துமாக வளர்க்கிறான் ஒரு செவ்வாழையை. குலை முற்றுகிறது, பண்ணையார் வீட்டுக்குப் போய்விடுகிறது! அதிலே ஒரு சீப்பு கடைக்கு வந்து தொங்குகிறது. தன் வீட்டுப் பழத்தை வாங்கச் செங்கோடனின் மகன் கையிலுள்ள காசு போதவில்லை. மரமோ, சாவு வீட்டுப் பாடைக்குப் பயன்படுகிறது.

இந்தக் கதை நம் பள்ளத்தாக்கிலே பிடித்துப்போவதற்குத் தனிக் காரணம் உண்டு. செவ்வாழை இங்கே கற்பனைப் பயிரன்று. கண்ணெதிரே நிற்கும் பயிர். ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்து, காற்றுக்கு அஞ்சி முட்டுக் கொடுத்து, தார் வெட்டித் தலைச்சுமையாக லாரிக்கு ஏற்றும் தோழர் ஒருவர் சொன்னார்: "நான் சுமந்த தார்களுக்குக் கணக்கில்லை. கடையிலே விலை கேட்டு வாங்கித் தின்ற பழங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் பிடிக்கிறது." ஆசிரியத் தோழியோ வேறு காரணம் கூறினார்: "பண்ணையாரைக் கொடியவனாகத் தீட்டிக் காட்டத் தேவையே இல்லாமல் கொடுமையைக் காட்டிவிட்டாரே, அதற்காகப் பிடிக்கிறது." இளைஞர் ஒருவர் எழுந்து மறுத்தார்: "அழ வைக்கிறது, சரி, எழ வைக்கிறதா?" அன்று இரவு வெகுநேரம் பேசினோம். முடிவுக்கு வரவில்லை. ஆனால், ஒரே கதையை மூவர் மூன்று கண்களால் கண்டதைக் கண்டோம். அது சிறிய இலாபமா?

அடுத்து வந்தது கவிஞர் வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. 2003-ஆம் ஆண்டு சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற நாவல். வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது. அதன் நீர்ப்பரப்புக்குள் மறைந்த ஊர்களின் கதை அது. "அணை என்றால் பாசனம் என்றே படித்திருந்தேன், அணைக்கு அடியிலே வீடும் அடுப்பும் உண்டு என்று இந்த நாவல்தான் சொல்லிற்று" என்றார் ஒருவர். நீர் பெற்றவன் வாழ்த்தினான். நிலம் இழந்தவன் என்ன பாடினான்? அதைக் கேட்கச் செய்வதே அந்தக் கதையின் வலிமை. பார்வையற்ற சிறுவனின் உலகைச் சொன்ன தேனி சீருடையானின் 'நிறங்களின் உலகம்' ஒருவருக்குப் பிடித்ததும் இதே காரணத்தால்தான்: தன் கண்ணுக்குப் படாதிருந்த வாழ்வு ஒன்று அவருக்குத் தெரிந்தது.

இனி, நூலிலே அல்லாமல் நாவிலே வாழும் ஒரு கதை. கம்பம் பள்ளத்தாக்கிலே எந்தத் தேநீர்க் கடையிலும் கேட்கலாம்: முல்லைப் பெரியாறு அணையைக் கட்டப் பணம் போதாமல், பொறியாளர் பென்னிகுயிக் தம் சொந்தச் சொத்தை விற்றார் என்ற கதை. நம் கூட்டத்திலே இதைத் தமக்கு மிகப் பிடித்த கதை என்று சொன்ன முதியவரின் குரல் தழுதழுத்தது. நாமோ, விதிப்படி, 'ஏன்?' என்று கேட்டோம். "நமக்காக ஒருவன் தன்னுடையதை இழந்தான், அதனால்தான்" என்றார்.

உயர்ந்த காரணம்! ஆனால், கதை உண்மையா? அணை அன்றைய சென்னை அரசாங்கத்தின் திட்டம். சொத்தை விற்றதற்கு ஏட்டுச் சான்று காட்டியவர் எவரையும் நாம் கண்டதில்லை. இதைச் சொன்னபோது சிலர் முகம் சுருங்கிற்று; நன்றி கெட்ட பேச்சு என்றனர். தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! 1887-இல் தொடங்கிய வேலை வெள்ளத்திலே அடித்துச் செல்லப்பட்டும் கைவிடப்படாமல் 1895-இல் முடிந்தது. மேற்கே கடலுக்குச் சென்ற நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிற்று. அந்த உழைப்பும் அறிவும் போதாதா ஒரு மனிதனைப் போற்ற? லோயர் கேம்பிலே 2013-இல் அவருக்கு மணிமண்டபம் திறந்தனர். அவர் பிறந்த சனவரி 15-இல் பொங்கல் வைக்கின்றனர். நன்றியுணர்வை நாம் மதிக்கிறோம். பொறியாளரைத் தெய்வமாக்கிவிட்டால், அவர் கற்ற பொறியியலை நம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்ற எண்ணம் மங்கிவிடுமே என்பதுதான் நம் கவலை.

மற்றொன்றும் உண்டு. அந்தக் காட்டிலே காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பலியான கூலித் தொழிலாளர் பலர். சுண்ணாம்பு சுமந்தவர் யார்? கல் உடைத்தவர் யார்? எந்தத் தேநீர்க் கடையிலும் அவர்கள் பெயர் ஒலிப்பதில்லை. ஒருவனின் தியாகக் கதையை நாம் இத்தனை காலமாக நேசித்ததிலே, ஓராயிரம் பேரின் கதை கேட்கப்படாமலே போயிற்று. 'ஏன்?' என்று கேட்டிராவிட்டால் இது நமக்குப் புலப்பட்டிருக்குமா? அந்த முதியவரே அன்று இறுதியாகச் சொன்னார்: "அவர்களையும் சேர்த்துச் சொன்னால் என் கதை இன்னும் பெரிதாகும்!"

விருப்பத்தை விசாரித்தால் விருப்பம் செத்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். நாம் கண்டது வேறு. காரணம் தெரிந்து நேசித்த கதை நெஞ்சிலே நிலைக்கிறது; காரணமற்ற கதை அடுத்த கதை வந்ததும் ஓடிவிடுகிறது. ஆகவே, ஊர்தோறும் இளைஞர்களே, கூடுங்கள். பிடித்த கதையைச் சொல்லுங்கள். 'ஏன்' என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். நம் கூட்டத்துக்கு ஏலத்தோட்டத்திலிருந்து வரும் தாயொருவர், "எங்கள் ஜீப்பிலே வருகிற கதை எந்தப் புத்தகத்திலே இருக்கிறது?" என்று கேட்டார். அவர் கையிலே தாளும் எழுதுகோலும் கொடுத்திருக்கிறோம். நான்கு பக்கம் எழுதிவிட்டாராம்!