மூணு மாயாவியும் ஒரு பொய்யும்

போன வெள்ளிக்கிழமை. மஸ்கட்டில் லீவு நாள். வீட்டம்மா அலமாரியை ஒழிக்கச் சொன்னார்கள். அடித்தட்டில் இருந்து நாலு காமிக்ஸ் புத்தகங்கள் வெளியே வந்து விழுந்தன. எட்டாவது படிக்கும் பையன் ஒன்றை எடுத்து அட்டையைப் பார்த்தான்.

"அப்பா, இது ஸ்பைடர்மேனோட காப்பியா?"

வந்ததே கோபம். கருப்பு உடுப்பு, கூர்மூக்கு, முதுகில் வலைத் துப்பாக்கி... எங்கள் ஸ்பைடரைப் பார்த்துக் காப்பியா என்கிறான்! அரைமணி நேரம் லெக்சர் கொடுத்தேன். அவன் பாவம், பாதியிலேயே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். மிச்ச லெக்சரை உங்கள் தலையில் கட்டலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கூடவே ஒரு பழைய கணக்கும் தீர்க்க வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கலாம்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், சந்தையில் தமிழ், கோயிலில் தமிழ். ஆனால் அப்பா என்னைச் சேர்த்தது மலையாள மீடியத்தில். "இங்க சர்க்கார் வேலைக்குப் போகோணும்னா மலையாளம் எழுதத் தெரியோணும்" என்பது அவர் கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் எட்டு வயது வரை எனக்குத் தமிழில் என் பேரை எழுதத் தெரியாது. பொள்ளாச்சி பஸ்ஸின் போர்டைப் படிக்க அம்மாவைக் கேட்பேன்.

எங்கள் அத்தையைக் கட்டிக் கொடுத்தது இடுக்கி மாவட்டத்தில், மூணாறு தாண்டி சூரியநெல்லி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில். 1987 கோடை லீவில் முதல்முறையாகத் தனியாக அங்கே அனுப்பினார்கள். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு செக்போஸ்ட், மறையூர், மூணாறு என்று ஒரு நாள் முழுக்கப் பயணம். போய்ச் சேர்ந்தால் லயத்து வீடு. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, வெளியே மழை. மழை என்றால் நம்ம ஊர் மழை இல்லை, ஆரம்பித்தால் ரெண்டு நாளைக்கு நிற்காது. என்ன செய்வது?

அத்தை பையன் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். அவர் தமிழ் மீடியம். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். உள்ளே முழுக்க காமிக்ஸ். முத்து, லயன், ராணி. நான் படம் மட்டும் பார்த்துக் கொண்டிருந்தேன்.

"டேய் மாப்ளே, படிக்கத் தெரியாதா உனக்கு?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மச்சான் சிரிக்கவில்லை. இரும்புக்கை மாயாவி புத்தகத்தைத் திறந்து, பேச்சுக் குமிழ் ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். மலையாள எழுத்து தெரிந்தவனுக்குத் தமிழ் எழுத்து பாதி சொந்தக்காரன் மாதிரி. சில எழுத்தைப் பார்த்தாலே ஆள் யாரென்று புரியும். என்னைப் படுத்தியது ற, ன, ண தான். இருபது நாளில் எழுத்துக்கூட்டினேன். ஊருக்குத் திரும்பும்போது உடுமலை பஸ் ஸ்டாண்டில் எல்லா போர்டையும் சத்தமாகப் படித்து, பக்கத்து சீட்டுப் பெரியவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

காமிக்ஸில் படித்த தமிழ் என்பதால் பேச்சும் அப்படியே ஆகிப் போனது. "அத்தை, விரைந்து வாருங்கள், பால் பொங்கி வழிகிறது!" என்று ஒரு நாள் கத்தினேன். அத்தை ஓடி வந்தது பாலுக்காக இல்லை, பையனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து. :-)

சரி, மேட்டருக்கு வருவோம். யார் பெஸ்ட்?

முதலில் மாயாவி. இதில் ஒரு எல்லைப்புறச் சிக்கல் உண்டு. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் தொடங்கியபோது முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி' தான். (அதே வருஷம்தான் இடுக்கி மாவட்டமும் பிறந்தது.) ஆனால் என் பள்ளிக்கூடத்தில் மாயாவி என்றால் வேறு ஆள். 1984-ல் 'பாலரமா'வில் வர ஆரம்பித்த குட்டிச்சாத்தான், வாலும் கொம்புமாக இருப்பான். ராஜு, ராதா என்று ரெண்டு குழந்தைகளுக்குத் தோழன். குட்டூசன், டாகினி அவனைப் பிடிக்க அலைவார்கள். நான் "மாயாவிக்குக் கை மட்டும்தான் தெரியும்" என்பேன், வகுப்பே சிரிக்கும். இது போதாதென்று ராணி காமிக்ஸ் வேதாளத்துக்கு, அதாவது லீ ஃபாக்கின் ஃபேண்டமுக்கு, மாயாவி என்று பேர் வைத்தது. ஒரே பேரில் மூணு அக்கவுண்ட். இன்றைக்கு என்றால் கம்ப்யூட்டரே தூக்கி வெளியே போட்டிருக்கும்.

இரும்புக்கையில் எனக்குப் பிடித்தது அந்த சக்திக்கு இருக்கும் விலை. லூயிஸ் கிராண்டேல் ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்தவன். இரும்புக் கை பொருத்திக் கொண்டவன் மறைய வேண்டுமென்றால் மின்சாரம் உடம்பில் பாய வேண்டும். மறைந்தாலும் கை மட்டும் மறையாது. அதுதான் கதையின் உயிரே. எல்லாம் மறைந்துவிட்டால் அப்புறம் என்ன பயம்? ஜெசுஸ் பிளாஸ்கோ வரைந்த கருப்பு வெள்ளைப் படங்களில் அந்தக் கை அந்தரத்தில் வரும்போது, லயத்து வீட்டு மண்ணெண்ணெய் விளக்கில் பார்த்தவனுக்கு ராத்திரி ஒண்ணுக்குப் போகத் துணை வேண்டும்.

மண்ணெண்ணெய் விளக்கு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கேரளாவின் முதல் நீர்மின் நிலையம் 1940-ல் வந்த பள்ளிவாசல். மூணாறுக்குப் பக்கத்திலேயேதான். ஆனால் மழைக்காலத்தில் லயத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. "மாயாவி மட்டும் நம்ம லயத்துக்கு வந்தான்னா பொழைக்க மாட்டான் மாப்ளே, ஷாக் அடிக்கறதுக்கே கரண்ட் இருக்காது" என்பார் மச்சான்.

அடுத்து ஸ்பைடர். என் ஓட்டு இவருக்குத்தான். பையன் கேட்ட கேள்விக்குப் பதிலும் இதுதான். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனைக் கொண்டு வந்தது 1962. எங்கள் ஸ்பைடர் 1965-ல் லண்டன் 'லயன்' பத்திரிகையில் பிறந்தவர். பேரில் சிலந்தி இருப்பதோடு உறவு முடிந்தது. அவன் படிக்கிற நல்ல பையன், இவரோ குற்றச் சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்று கிளம்பிய திமிர் பிடித்த கொள்ளைக்காரர். பிறகுதான் மனம் மாறி நீதிக்காவலன் ஆகிறார். திமிர் மட்டும் போகவில்லை. டெட் கோவன் தொடங்கிய இந்தக் கதையைப் பின்னால் எழுதியவர்களில் ஒருவர் ஜெர்ரி சீகல். 1938-ல் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். உலகத்திலேயே நல்லவனான ஹீரோவைப் படைத்த கை, பிறகு உலகத்திலேயே தற்பெருமைக்கார ஹீரோவுக்கும் கதை எழுதியது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

மச்சான் ஓட்டு ஆர்ச்சிக்கு. இரும்பு மனிதன், வாய்ச்சவடால், கால இயந்திரமான கோட்டை. "ஸ்பைடர் தனக்காக சண்டை போடுவான், ஆர்ச்சி கூட்டாளிக்காகப் போடுவான்" என்பது அவர் கட்சி. அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது யோசிக்கிறேன்.

வேதாளம்? சின்ன வயதில் உயிர். இருபத்தோரு தலைமுறை, கபாலக் குகை, மோதிர முத்திரை. ஆனால் ஒரு தடவை மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "யாருடா இவன், காட்டு சனத்துக்கெல்லாம் ஒரு வெள்ளைக்காரன் காவலா? நம்ம பழைய துரை மாதிரியே இருக்கானே" என்றார். நாற்பது வருஷம் துரைமார்களுக்கு சலாம் போட்டவர் சொன்ன விமர்சனம். அதுக்கப்புறம் எனக்கு வேதாளத்தை முன்னே மாதிரி ரசிக்க முடியவில்லை. சூப்பர்மேன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தோற்கவே முடியாதவன் ஜெயிப்பதில் என்ன இருக்கிறது?

இனி அந்தப் பழைய கணக்கு.

1995-ல் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து பிரீ டிகிரி சேர்ந்தேன். மச்சான் பத்தாவதோடு நிறுத்தி, ஜீப்பில் கிளீனராகப் போய், அப்போது டிரைவர் ஆகியிருந்தார். அந்த மழைக்கு லயத்துக் கூரை ஒழுகியது. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மொத்தம் அறுபத்திரண்டு புத்தகம். "உங்க வீடு ஓட்டு வீடு, ஒழுகாது. பத்திரமா வச்சிரு மாப்ளே. கல்யாணம் ஆகி வீடு பார்த்ததும் எடுத்துக்கறேன்."

பி.காமில் மெர்க்கண்டைல் லா என்று ஒரு பேப்பர். 1872 ஒப்பந்தச் சட்டம், பிரிவு 148, பெய்ல்மெண்ட். ஒருத்தர் நம்பி ஒப்படைத்த பொருளை, நம் சொந்தப் பொருளைப் போல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது பிரிவு 151. அட்டாலியில் மச்சானின் பெட்டி இருக்க, கீழே உட்கார்ந்து இதை மனப்பாடம் செய்து நல்ல மார்க்கும் வாங்கினேன்.

2001-ல் பேங்க் வேலை கிடைத்து வெளியூர் போனேன். வெள்ளையடிக்கிறோம் என்று அம்மா போன் பண்ணினார். அட்டாலியில் இருப்பதை என்ன செய்ய என்றார். அவசரத்தில், "வேண்டாததெல்லாம் போட்டுரும்மா" என்றேன். அம்மா ஆக்ரிக்காரருக்கு எடை போட்டுவிட்டார். அம்மா மேல் தப்பில்லை. வேண்டியது எது என்று நான் சொல்லவே இல்லை.

2003-ல் இடுக்கி எல்லைப் பக்கமே ஒரு கிளையில் போஸ்டிங். கொழுந்து எடுக்கும் பெண்கள் கூட்டமாக வருவார்கள். ஃபாரம் எல்லாம் ஆங்கிலம், மலையாளம். நான் தமிழில் கேட்டு, தமிழில் எழுதிக் காட்டி, நிரப்பிக் கொடுப்பேன். ஒரு பாட்டி, "சார் எந்த ஊர் பள்ளிக்கூடத்துல தமிழ் படிச்சீங்க?" என்று கேட்டார். "எங்க அத்தை வீட்ல" என்றேன். விளையாட்டாகச் சொன்னதாக நினைத்துச் சிரித்தார்.

அந்தக் கிளைக்கு ஒரு நாள் மச்சான் வந்தார். கல்யாணம் ஆகி, வீடு பார்த்து, பெண் குழந்தை பிறந்திருந்தது. "பெட்டியை எப்ப எடுத்துக்கலாம்?" என்றார். கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு வாய் கூசாமல் சொன்னேன், "பத்திரமா இருக்கு மச்சான், அடுத்த தடவை கொண்டு வர்றேன்." அவர் சரி என்றார். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. 2006-ல் என் கல்யாணத்துக்கும் வரவில்லை. சீசன், வண்டி ஓட்டம் என்று அத்தை சொன்னார்.

2014-ல் மஸ்கட். இதற்கிடையில், 2012-ல் லயன், முத்து காமிக்ஸ் புதுப்பொலிவோடு மறுபடி வந்தன. நல்ல தாள், கலர், மாயாவி, ஸ்பைடர் மறுபதிப்புகள். கிடைத்ததையெல்லாம் வாங்கிச் சேர்த்தேன். 2024 ஆகஸ்ட் லீவில் அதில் ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு சூரியநெல்லி போனேன். மச்சான் இப்போது கொழுக்குமலைக்கு டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறார். கேரளாவில் ஏறித் தமிழ்நாட்டில் இறங்கும் ரோடு, எங்கள் குடும்பம் மாதிரியே.

பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சொன்னேன். பழையது இல்லை, 2001-லேயே போய்விட்டது, நான் சொன்னது பொய். இருபத்தொரு வருஷம்.

மச்சான் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "தெரியும் மாப்ளே. உங்கம்மா அப்பவே அழுதுட்டு சொல்லிட்டாங்க. பேங்குக்கு வந்தேன்ல, அது தெரிஞ்சுதான் வந்தேன். நீயே சொல்றியான்னு பார்க்கத்தான் கேட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அதான் கல்யாணத்துக்கு வரல" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. காமிக்ஸ் என்றால் இந்த இடத்தில் யாராவது ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். அங்கே மழை மட்டும் பெய்தது. அக்கா (மச்சான் சம்சாரம்) கட்டன் சாயா கொண்டு வந்து வைத்தார். மச்சான் பெட்டியைத் திறந்து, ஒரு ஆர்ச்சியை எடுத்து, தாளை விரலால் தேய்த்துப் பார்த்தார். "கலர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பழைய பேப்பர் வாசம் இல்லை." அதற்கப்புறம் ராத்திரி பன்னிரண்டு வரை ஸ்பைடரா ஆர்ச்சியா என்று சண்டை. முழுசாக மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கிளம்பும்போது பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் தெரியும்.

அந்தப் பெட்டியிலிருந்து அவரே நாலு புத்தகத்தை மட்டும் எடுத்து என் பையில் வைத்தார். "உன் பையனுக்கு. அவனுக்கும் படிக்கத் தெரியாதாமே?"

அந்த நாலுதான் போன வெள்ளிக்கிழமை அலமாரியிலிருந்து விழுந்தவை. ஒரு வருஷத்துக்கும் மேலாக அடித்தட்டில் தூங்கிக்கொண்டிருந்தன. மறுபடியும் அதே தப்பு, மறுபடியும் நான்.

நேற்று ராத்திரி பையனை உட்கார வைத்து முதல் குமிழில் விரலை வைத்தேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று ஒப்பந்தம். அவனுக்கும் 'ற' தகராறு செய்கிறது.

டிஸ்கி: மாயாவி எங்கள் பேங்குக்கு அக்கவுண்ட் திறக்க வந்தால் என்ன செய்வது என்று பையன் கேட்டான். வலது கை ரேகை கிடையாது, போட்டோவில் ஆள் விழ மாட்டார். கேஒய்சி ரிஜெக்ட்தான். ஸ்பைடர் வந்தால் மேனேஜர் ரூமுக்கு நேராக அனுப்பிவிடுவேன். :-)

இன்னொன்று. உங்கள் வீட்டு அட்டாலியில் அடுத்தவர் பெட்டி ஏதாவது இருந்தால், அதன் மேல் அவர் பேரை எழுதி வையுங்கள். இன்றைக்கே.