மருந்தடிப்பவர் கைக்கு வராத தாள்

பூச்சிமருந்துப் பெட்டியைப் பிரித்தால் புட்டியோடு எட்டாக மடித்த ஒரு தாள் இருக்கும். பெரும்பாலும் அது கடை வாசலிலேயே கிடக்கும். சில நேரம் புட்டி மட்டும்தான் கைக்கு வரும், பெட்டியும் தாளும் கடைக்குள்ளேயே நின்றுவிடும். 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 1971-ல் வந்த விதிகள் அந்தத் தாளைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு தண்ணீர், நஞ்சு ஏறினால் என்ன அறிகுறி, முதலுதவி என்ன, மாற்று மருந்து உண்டா, காலிப் புட்டியை என்ன செய்வது என்று அதில் இருக்க வேண்டும். இருக்கத்தான் செய்கிறது. எழுத்துதான் எறும்பு அளவு. பல மொழிகள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் தமிழைத் தேடிப் பிடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும்.

குன்னம் பக்கத்தில் கூலிக்கு மருந்தடிக்கும் ஒருவர் இருக்கிறார். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் எதற்குக் கூப்பிட்டாலும் போவார். டேங்குக்கு இவ்வளவு என்று கூலி. அவர் மருந்துக்கடைக்குப் போவதில்லை. பல நாள் புட்டியைக்கூடப் பார்ப்பதில்லை. வரப்போரம் டிரம்மில் கலந்து தயாராக இருக்கும்.

"என்ன மருந்துண்ணே கலந்திருக்கு?"

"மூணு வகைப்பா. புழுவுக்கு ஒண்ணு, சாறு உறிஞ்சுறதுக்கு ஒண்ணு, பயிர் பச்சை கட்ட டானிக் ஒண்ணு."

அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்டால், 'இவன் என்ன கேள்வி கேட்கிறான்' என்று ஆகிவிடும். காட்டுக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார், "டேங்குக்கு ரெண்டு மூடி" என்றார், இவர் ஊற்றினார். ஒவ்வொரு புட்டிக்கும் மூடி ஒவ்வொரு அளவு என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

2017 மழைக்காலத்தில் பெரம்பலூர் மாவட்டக் கரிசல் காடுகளில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் அடுத்தடுத்து மருத்துவமனைக்குப் போனதையும், சிலர் திரும்பி வராததையும் இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே பருவத்தில் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே பருத்தி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது, பல மருந்துகளை ஒன்றாகக் கலந்தார்கள், முகத்துக்கும் கைக்கும் காப்பு இல்லை என்று பேசப்பட்டது. 2018-ல் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் படைப்புழு வந்த பிறகு, தலைக்கு மேல் நிற்கும் பயிருக்குள் நுழைந்து மருந்தடிக்கும் வேலை இன்னும் கூடிவிட்டது.

மயங்கியவரை 108-ல் ஏற்றிக்கொண்டு போனால் மருத்துவர் முதலில் கேட்பது, "என்ன மருந்து?" என்றுதான். "புழு மருந்து" என்ற பதிலை வைத்துக்கொண்டு அவரால் அதிகம் செய்ய முடியாது. மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை என்றால் கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சில் வழியும், வியர்த்துக் கொட்டும், மூச்சு திணறும். அதற்கு அட்ரோபின் ஊசி இருக்கிறது. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகைக்குத் தனியாக மாற்று மருந்து கிடையாது, அறிகுறியைப் பார்த்துத்தான் சிகிச்சை. இரண்டும் கலந்த புட்டியும் சந்தையில் உண்டு. மருத்துவருக்கு வேண்டியது அந்த மடித்த தாளில் இருக்கும் பத்து வரிதான். அந்த நேரத்தில் தாள் கடை வாசலில், புட்டி பம்புசெட்டு ஓரத்தில், அடித்தவர் படுக்கையில்.

தாள் தொலைந்தாலும் போனில் பார்க்க முடிந்தால் போதும். ஆனால் தேடிப் பாருங்கள். பரிதாபாத்தில் இருக்கும் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியமும் பதிவுக்குழுவும் அனுமதித்த பயன்பாடுகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. பயிர், பூச்சி, அளவு, கடைசியாக அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை என்று நல்ல பட்டியல்தான். அது ஆங்கிலத்தில், வேதிப்பெயர் வரிசையில் இருக்கிறது. உழவருக்குத் தெரிந்ததோ புட்டியின் முகப்பில் பெரிதாக இருக்கும் வணிகப்பெயர். வேதிப்பெயர் அதன் கீழே பொடி எழுத்தில்.

அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தான் ஒப்புதல் தந்த லேபிளை அப்படியே இணையத்தில் போட்டுவிடுகிறது. பதிவு எண்ணைத் தட்டினால் பழைய லேபிளும் சேர்ந்து வரும். அங்கேயும் மருந்தடிக்கும் கூலியாட்களில் பலருக்கு ஆங்கிலம் வராது, ஸ்பானிய மொழிதான். பாதுகாப்புப் பகுதியை ஸ்பானிய மொழியிலும் தர வேண்டும், புட்டியில் இடமில்லை என்றால் இணைய முகவரியாகவாவது தர வேண்டும் என்று 2022-ம் ஆண்டுச் சட்டம் அங்கே சொல்கிறது. கொடிய நஞ்சு வகைகளுக்கு முதலில், மற்றவற்றுக்குப் பிறகு என்று தேதியும் வைத்திருக்கிறார்கள். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வேண்டியது இதே மாதிரி ஒன்றுதான்: வணிகப்பெயரைத் தமிழில் சொன்னால் ஒப்புதல் பெற்ற தமிழ் லேபிள் பெரிய எழுத்தில் வர வேண்டும், படிக்காதவருக்கு அது குரலில் கேட்க வேண்டும். 'உழவன்' செயலி பலர் போனில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குள் இது அடங்காதா? இந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. இந்த மருந்து ஆளை என்ன செய்யும் என்று சொல்லத்தான் ஆளில்லை.

அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருந்து வாங்கியதும் கடையிலேயே, நல்ல வெளிச்சத்தில், புட்டியின் முன்பக்கம், பின்பக்கம், மடித்த தாளின் தமிழ்ப் பகுதி என மூன்று படம் எடுக்கலாம். போனில் விரலால் விரித்தால் எறும்பு எழுத்தும் படிக்கக் கிடைக்கும். வேதிப்பெயர், பதிவு எண், காலாவதித் தேதி, சாய்சதுரத்தின் நிறம், இவை தெளிவாக விழுந்திருக்க வேண்டும். சிவப்பு கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றால் ஒன்றும் செய்யாது என்று பொருளில்லை.

படங்களை மருந்தடிக்க வருகிறவருக்கும் அவர் வீட்டில் ஒருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். கலப்பது இரண்டு புட்டி என்றால் இரண்டின் படமும் போக வேண்டும். தலை சுற்றினால் உடனே வேலையை நிறுத்தி, நனைந்த துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவிவிட்டு, 108-ஐ அழைத்து, அந்தப் படத்தோடு போக வேண்டும். மருந்து, அளவு பற்றிய சந்தேகத்துக்கு 1800-180-1551 கிசான் கால் சென்டர் இருக்கிறது, தமிழில் பேசலாம்.

போனை மட்டும் தூக்குவாளிக்குப் பக்கத்தில், வரப்பிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. மருந்துக் கையால் எடுத்து அப்படியே காதில் வைத்துப் பேசுகிறவர்கள் அதிகம்.