கல்லிலிருந்து நேரே தட்டுக்கு

"கள்ளியா? வேலியோரத்தில் முள்ளும் முகமுமாக நிற்குமே, அந்தச் சப்பாத்திக் கள்ளியையா என்னைத் தின்னச் சொல்கிறாய்?" என்று கேட்டேன். என் தங்கை கலகலவென்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

அவளுடைய பிரசவத்துக்காக 2024-ல் சிகாகோ போயிருந்தேன். சுகப் பிரசவம், பெண் குழந்தை. ஆனால் பெற்றவள் முகத்தில் களையே இல்லை. தட்டை வைத்தால் இரண்டு வாய், அப்புறம் கண்ணீர். நானோ எங்கள் அம்மா எனக்குச் செய்தபடியே மிளகு ரசம், பூண்டுக் குழம்பு, சுட்ட அப்பளம் என்று பத்தியத்தைக் கறாராக நடத்திக்கொண்டிருந்தேன். "தக்காளி ஆகாது, பயறு வாயு, தண்ணி ஜாஸ்தி குடிக்காதே" என்று ஓயாமல் சட்டம் வேறு!

ஆறாவது வாரப் பரிசோதனையில் டாக்டர் அம்மாள் அவளிடம் தூக்கம், அழுகை, பயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வருகிற மனச்சோர்வுதான் என்று சொல்லி, ஆலோசகரைப் பார்க்க எழுதிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பால் கொடுக்கிறவளுக்கு வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பாடு வேண்டும். பிடித்ததைச் சாப்பிடட்டுமே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் தாய்க்குத் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று நம் ஊர் நிபுணர்களும்தான் சொல்கிறார்கள். நான் என்னடாவென்றால் அவள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்!

வெளியே வந்ததும், "அக்கா, டாக்கோ சாப்பிடணும் போல இருக்கு. மாசமா இருந்தப்போ வாராவாரம் போவோம்" என்றாள் தயங்கித் தயங்கி. "வா, போகலாம்" என்று சொல்லிவிட்டேன்.

மெக்ஸிகோக்காரர்கள் பல காலமாக வாழும் பேட்டை பில்ஸன். அங்கே 18-ஆம் தெருவில் சுவரெல்லாம் ஓவியங்கள். பக்கத்திலேயே 1987-ல் திறந்த மெக்ஸிகோ கலை மியூசியம். அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கடை நம் ஊர் டிபன் கடை மாதிரிதான். ஆறே மேஜை. கண்ணெதிரே பெரிய கல். அதன் முன்னால் என் வயசு இருக்கும் ஒரு அம்மாள், மக்காச்சோள மாவை உருட்டி, அச்சில் வைத்து அமுக்கி, கல்லில் போட்டுப் புரட்டி எடுத்துக்கொண்டே இருந்தாள். அந்த மெல்லிய ரொட்டிக்குப் பெயர் டொர்த்தியா. அதில் கறியையோ காயையோ வைத்து மடித்தால் டாக்கோ.

அந்த மாவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோலைத் தேய்த்துக் கழுவி அரைக்கிறார்கள். இதனால் மாவில் கால்சியம் சேர்கிறது. சோளத்தில் அகப்படாமல் கிடக்கும் நயாசின் என்ற பி வைட்டமினும் உடம்பில் சேருகிறது. சோளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இந்தப் பக்குவத்தை விட்டுவிட்ட வட இத்தாலியிலும் அமெரிக்காவின் தென் மாகாணங்களிலும், ஏழை ஜனங்கள் பெல்லாக்ரா வந்து தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். மெக்ஸிகோப் பாட்டிமார் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்? வெற்றிலைக்கு மட்டும்தான் சுண்ணாம்பு என்றிருந்த எனக்கு ஒரே ஆச்சரியம்.

நாங்கள் சைவம். அங்கே பல கடைகளில் பயற்றைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்களாம். அதற்கு 'மாந்தேக்கா' என்று பெயர். தங்கை அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு, இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகே வாங்கினாள். முள் நீக்கி, நறுக்கி, வெங்காயத்தோடு வதக்கிய கள்ளி ஒன்று. பூசணிப் பூவும் பாலாடைக்கட்டியும் வைத்தது ஒன்று. வெந்த பயறு வைத்தது ஒன்று. கள்ளி வெண்டைக்காய் போல் லேசான வழவழப்பு, கொஞ்சம் புளிப்பு. நன்றாகவே இருந்தது! மார்கழிக் கோலத்தில் வைக்கிற பூவைச் சாப்பிடுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாய்த் துவையல். மிளகாயே அந்தச் சீமையிலிருந்து போர்த்துகீசியர் மூலம் நமக்கு வந்த சரக்குதானே! அதற்கு முன் நம்மிடம் மிளகு இருந்தது, மிளகாய் இல்லை.

பாதியில் குழந்தை வீறிட்டது. தங்கை எழுந்தாள். "நீ சாப்பிடு" என்று நான் வாங்கிக்கொண்டு நடந்தேன். என் தட்டு ஆறிப்போயிற்று. அதனால் என்ன, எனக்கு அது பழக்கம்தானே! கல்லருகே இருந்த அம்மாள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஆறியதை எடுத்துவிட்டு, ஆவி பறக்க இரண்டு புதிதாகக் கொண்டுவந்து வைத்தாள். கல்லாவில் இருந்த பாட்டி கையைக் கழுவிக்கொண்டு வந்து, குழந்தைக்காக இரு கைகளையும் நீட்டினாள். நான் "அப்புறம்" என்று ஜாடை காட்டினேன். அந்த அம்மாள் விடவில்லை. தட்டைக் காட்டி, என்னைக் காட்டி, ஏதோ சொன்னாள்.

"என்னடி சொல்றா?"

"ஆறிடும், இப்பவே சாப்பிடுங்கிறா."

தினமும் எல்லோருக்கும் நான் சொல்கிற வார்த்தை! கல்யாணமான 22 வருஷத்தில் என்னிடம் யாரும் சொன்னதில்லை. யாராவது சொல்லும்படி நானும் உட்கார்ந்ததில்லை. உதடு சுடச் சுடத் தின்றேன். காரத்தினாலா என்னவோ, கண்ணில் நீர் வந்துவிட்டது. தங்கை ஐந்து சாப்பிட்டாள், நான் மூன்று. செம்பருத்திப் பானம் ஆளுக்கொரு தம்ளர். எல்லாம் சேர்த்து வரியோடு 33 டாலர் சொச்சம். அந்த ஊர் விலைவாசிக்கு அது மலிவு.

டாக்கோ தின்றதும் தங்கையின் மனச்சோர்வு பறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆலோசகரிடம் நாலு மாதம் போய்த்தான் தேறினாள். ஆனால் மறுநாளே என் சட்டங்களை மூட்டை கட்டினேன். தக்காளி ரசமும் பயறும் தாராளமாகச் சமைத்தேன். அவள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு சின்ன மாறுதல். எல்லோருக்கும் இரண்டிரண்டு தோசை ஆனதும் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அவர் வார்க்கும் தோசை இன்னும் வட்டமாக வரவில்லை. இருக்கட்டுமே, சூடாக இருக்கிறது!