திலக் நகர்: பெட்டியோடு இறங்குகிறவன்

மும்பையின் ஹார்பர் ரயில் மார்க்கத்தில், குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவே இருக்கிறது திலக் நகர். நடந்தே போகும் தூரத்தில் லோக்மான்ய திலக் டெர்மினஸ். கோவை, மதுரை ரயில்கள் வந்து நிற்பது அங்கேதான். அங்கிருந்து பெட்டி படுக்கையோடு வந்து மின்சார ரயிலுக்குள் முண்டும் தமிழ் இளைஞன், அலுவலகம் போகிறவர்களுக்கு ஓர் இடைஞ்சல். அவ்வளவுதான்.

அவன் கண்ணுக்கு இந்த நகரம் எப்படித் தெரிகிறது? அதை எழுதிக் காட்டியவர் நாஞ்சில் நாடன். 1970களில் பிழைப்புக்காக பம்பாய் வந்தவர். வேலை தேடி அலையும் பட்டதாரியின் கதை ‘மிதவை’ (1986). அந்தத் தவிப்பு அவர் அறிந்தது. ‘எட்டுத் திக்கும் மதயானை’யில் (1998) அதையும் தாண்டினார். ஊரைவிட்டு ஓடி, சட்டத்துக்கு வெளியே பிழைக்கும் பூதலிங்கம் நிச்சயம் அவரல்ல. ஆனாலும் தீர்ப்புச் சொல்லாமல் அவனோடு கூடவே நடக்கிறார்.

மும்பைவாசியான அம்பையோ, கவனிப்பதையே தொழிலாகக் கொண்ட துப்பறியும் பெண்ணாக சுதா குப்தாவைப் படைத்தார் (‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’, 2014).

இருவரிடமும் பரிதாபம் குறைவு, பார்வை அதிகம். பிறர் நிலையில் நின்று எழுத இரக்கம் மட்டும் போதாது. பெட்டியின் கனம், பாஷை புரியாத திகைப்பு, வியர்வையில் நனைந்த முகவரிச் சீட்டு எல்லாம் கண்ணில் பட வேண்டும். திலக் நகர் நடைமேடையில் இந்தப் பயிற்சி தினமும் இலவசம். இடித்தவனைத் திட்டுமுன் ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவே.