குழித்துறைப் பட்டறையில் ஒரு பியானோ

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் ரயிலில் இரணியல், பள்ளியாடி தாண்டிக் குழித்துறையில் இறங்கினேன். ஆடி மாதம். ஆறு கலங்கி ஓடியது, வாவுபலிப் பொருட்காட்சிக்குக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வேலை ஊருக்குள் ஒரு மரப்பட்டறையில். ஒரு சபையின் பழைய பியானோவை அங்கே பிரித்து வைத்திருந்தார்கள்.

1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலந்தொட்டு மிஷன் வேரூன்றிய மாவட்டம் இது. நான்கு குரலில் பாடும் கொயர்கள் இங்கே இன்றும் உண்டு. கீபோர்டு வாங்கினால் செலவு குறையும்தான். ஆனாலும் அந்தக் குரல்களுக்குப் பக்கத்தில் உண்மையான கம்பி அதிர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பியானோவில் கட்டைகள் 88, கம்பிகள் சுமார் 230. எல்லாம் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 18 டன். அந்தப் பாரத்தை வார்ப்பிரும்புச் சட்டம் தாங்கிக்கொள்ளும். சுருதியைக் காப்பது அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் ‘பின் பிளாக்’. மேப்பிள் அல்லது பீச் மரத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய பலகை அது. கம்பி சுற்றிய எஃகுப் பின் அதில் இறுகி நிற்கிறது. பூட்டு எதுவும் கிடையாது, மரத்தின் பிடி மட்டுமே. வீணையின் பிருடை கூம்பாக இருப்பதால், தளர்ந்தால் உள்ளே அழுத்திக்கொள்ளலாம். பியானோ பின்னோ நேர் உருளை. துளை தளர்ந்துவிட்டால் தடித்த பின் போட வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் பலகையையே மாற்ற வேண்டும். இங்கே பலகையை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பின்னின் தடிமன் 7 மில்லிமீட்டர் அளவு. துளை அதைவிட அரை மில்லிமீட்டர் சிறியது, கம்பி இழுக்கும் திசைக்கு எதிராகச் சற்றே சாய்ந்தது. மூத்த ஆசாரி முதலில் துண்டுப் பலகையில் துளையிட்டு, பின் அடித்து, திருப்பிப் பார்த்தார்.

“பைய இறக்குனா நல்லதுன்னு நெனைப்பாவ. அலகு ஒரே எடத்துல நின்னு சுத்துனா மரம் கரிஞ்சிரும், கேட்டேளா?”

கரிந்த துளையின் சுவர் கண்ணாடிபோல வழவழத்துவிடும். பின் சீராகத் திரும்பாது, அசையாமல் நின்று சட்டென்று துள்ளும். சுருதி சேர்ப்பவருக்கு நூலளவு திருப்பவே வழியிருக்காது. அதனால் கூர்மையான அலகை ஒரே மூச்சில் இறக்கி எடுத்தார். ஒவ்வொரு துளைக்கும் பிறகு தூளை ஊதி, அலகு ஆறக் காத்திருந்தார். சூடேறிய அலகு விரியும், துளையும் பெரிதாகும்.

எப்போது சுருதி கூட்டுவீர்கள் என்று கேட்டேன். புதுக் கம்பி நெகிழ்ந்துகொண்டே இருக்குமாம், பலமுறை கூட்ட வேண்டுமாம். இங்கே இரண்டு பருவமழையிலும் மரம் ஈரம் குடிக்கும்.

“ஐப்பசி மழை முடியட்டும் சார். அதுக்குப் பொறவு கடைசியா ஒருக்கா கூட்டிக் குடுக்கேன். கிறிஸ்துமஸுக்குப் பாடிரலாம்.”