ஒரே அறையில் நையாண்டி மேளம்

நையாண்டி மேளத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பதிவு செய்தால் அது கெட்டுப்போகும். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, உறுமி, தாளம் என்று அமையும் இந்தக் குழு, கரகமோ காவடியோ ஆடுபவரின் காலைப் பார்த்து வாசித்துப் பழகியது. தவில்காரர் நடையை மாற்றினால் நாகசுரக்காரர் அந்தக் கணமே மெட்டைத் திருப்புகிறார். ஆட்டம் சூடேற ஏற வேகமும் கூடுகிறது. காதில் ஹெட்போன் மாட்டி, கணினி தட்டும் ஒரே சீரான தாளத்துக்கு ஒவ்வொருவராக வாசித்து, பின்பு ஒட்டிச் சேர்த்தால் சுருதியும் தாளமும் பிசகாமல் இருக்கும், மேளம் இருக்காது. எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்து, ஒரே மூச்சில் வாசிப்பதைப் பிடிப்பதே இதற்கு ஏற்ற முறை.

இதற்குப் பெரிய ஸ்டுடியோ தேவையில்லை என்பதை ஒலிப்பதிவின் வரலாறே காட்டுகிறது. கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவில் ஓட்டல் அறைகளைத்தான் ஒலிப்பதிவுக் கூடமாக்கினார். பாடகி கௌஹர் ஜானின் குரல் அங்கேதான் இசைத்தட்டில் ஏறியது. அன்று மைக் கிடையாது. ஒரு கூம்புக் குழலின் முன் யார் எவ்வளவு தள்ளி நிற்பது என்பதை வைத்தே ஒலியின் அளவு தீர்மானிக்கப்பட்டது. படத்தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடியில் ஒரு நாடகக் கொட்டகையை ஸ்டுடியோவாக்கி, 1947இல் 'நாம் இருவர்' படத்தை வெளியிட்டார். அமெரிக்காவில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் 1950களில் புகழ்பெற்ற பல ஜாஸ் பதிவுகளைத் தம் பெற்றோர் வீட்டுக் கூடத்திலேயே செய்தார்.

விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டி போன்ற ஊரில் இப்படிப் பதிவு செய்ய முதல் வேலை, சத்தம் குறைந்த இடத்தையும் நேரத்தையும் பிடிப்பது. மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் ஓடும் லாரிகளின் உறுமல் தாழ்ந்த ஒலி; சாதாரணச் செங்கல் சுவர் அதை முழுவதும் தடுக்காது. சாலையிலிருந்து உள்ளே தள்ளிய தெருவே நல்லது. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் தோட்டத்து மோட்டார்கள் ஓடும். பங்குனி முதல் ஆடி வரை ஏதாவதொரு கோயிலில் குழாய் ரேடியோ பாடும். அந்த மாதங்களில் மேளக்காரர்களும் கிடைக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் தளர்ந்து தவிலின் நாதம் மங்கும். தகரக் கூரை என்றால் ஒரு தூறலே பதிவைக் கெடுத்துவிடும். தை, மாசியில் இந்தத் தொல்லைகள் குறைவு. மடிக்கணினியையும் ஒலிப்பதிவுக் கருவியையும் பேட்டரியில் ஓட்டினால் மின்கம்பி வழி வரும் இரைச்சலும் போய்விடும்.

அடுத்தது அறை. 18 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஒரு கிட்டங்கி அறையே எட்டுப் பேருக்குப் போதும். அளவுகள் ஒன்றுக்கொன்று இரு மடங்காக இல்லாதது நல்லது. இருந்தால் இரண்டு திசையிலும் ஒரே சுரம் சேர்ந்து வீங்கும். 12 அடி இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கிடையே 48 ஹெர்ட்ஸ் அருகிலும் அதன் மடங்குகளிலும் ஒலி தேங்கும். தவிலின் இடப்பக்கமான தொப்பியும் பம்பையின் கனத்த பக்கமும் கிளப்புவது இந்தத் தாழ்ந்த பகுதியைத்தான். பலரும் சுவரில் ஒட்டும் முட்டை அட்டை இதற்கு உதவாது. அது மேல் ஒலியைச் சிறிது சிதறடிப்பதோடு சரி. பஞ்சு அடைத்த சாக்குகளை நான்கு மூலையிலும் கூரைவரை அடுக்குவதும், இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளித் தொங்கவிடுவதும் பயன் தரும். தரையில் ஜமுக்காளம் விரிக்க வேண்டும். எல்லாச் சுவரையும் மூடிவிட்டால் நாகசுரம் உயிரற்று ஒலிக்கும். ஒரு சுவரையாவது வெறுமையாக விட வேண்டும்.

மூன்றாவது வேலை, ஆட்களை உட்கார வைப்பது. மிக்ஸிங்கில் பாதி இதிலேயே முடிந்துவிடுகிறது. குழுவைப் பிறை வடிவில் அமர்த்தி, எதிரே ஆறடி தள்ளி ஒரு ஜோடி மைக் வைத்தால் முழு மேளமும் அதில் விழும். தொலைவு இரட்டிப்பானால் நேரே வரும் ஒலி 6 டெசிபல் குறையும் என்பதே இங்கே கணக்கு. ஆகவே எல்லோரையும் மிஞ்சும் நாகசுரம் பின்னால் போகும். உறுமியும் தாளமும் முன்னால் வரும். நாகசுரத்தின் நாதம் அடிக்கூம்பான அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. எனவே அதற்குத் தனி மைக் வைப்பதானால் அணசுக்குள் நீட்டாமல், இரண்டு மூன்று அடி தள்ளி குழலான உலவின் நடுப்பகுதியை நோக்கி வைக்க வேண்டும். தவிலுக்கு வலந்தலைப் பக்கம் ஒன்று, தொப்பிப் பக்கம் ஒன்று. மேடையில் பயன்படும் டைனமிக் மைக்குகள் அந்த அடியைத் தாங்கும். ஒரு மைக் தன் வாத்தியத்திலிருந்து ஓரடியில் இருந்தால், அடுத்த மைக் அதிலிருந்து மூன்றடியாவது விலகியிருப்பது பொது விதி. இல்லாவிட்டால் ஒரே அடி இரண்டு மைக்கிலும் சற்று முன்பின்னாக விழுந்து ஒலி வெளிறும்.

எவ்வளவு செய்தாலும் ஒரு வாத்தியம் இன்னொன்றின் மைக்கில் கசியும். இது குறையன்று, அந்தக் கசிவே எட்டுப் பேரையும் ஓர் அறையில் இருப்பவர்களாகக் காட்டுகிறது. இதற்குக் கொடுக்கும் விலை ஒன்று உண்டு: ஒருவர் தவறினால் அவர் வாசித்ததை மட்டும் மாற்ற முடியாது, எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும்.

பதிவின்போது மின்விசிறி ஓடக் கூடாது. மூடிய அறையில் எட்டுப் பேர் வாசித்தால் வெப்பம் ஏறும், வெப்பம் ஏறினால் நாகசுரத்தின் சுருதியும் ஏறும். எனவே ஒவ்வொரு உருப்படிக்கும் பிறகு கதவைத் திறந்து, நாகசுரத்தின் ஊதும் முனையான சீவாளியைச் சரிபார்த்து, தவில் வாரை இழுத்துவிட்டுத் தொடர்வது முறை. முதல் உருப்படியை ஒலியளவு பார்க்கவே வைத்துக்கொள்ளலாம். சோதனைக்கு வாசிப்பதைவிட உண்மையில் வாசிக்கும்போது அடி பலமாக விழும் என்பதால், உச்ச ஒலி கருவியின் எல்லைக்கு 12 டெசிபல் கீழே நிற்கும்படி அமைப்பது பாதுகாப்பு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு டிராக் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 4 ஜி.பி. இடம் பிடிக்கும். அன்றே இரண்டாவது வட்டில் ஒரு நகல் எடுத்துவிட வேண்டும்.

கடைசி வேலைக்குச் செலவில்லை. ஆனாலும் அதுதான் அதிகம் விடுபடுகிறது. பல பழைய இசைத்தட்டுகளில் முதன்மைக் கலைஞரின் பெயர் மட்டுமே உண்டு. பின்னால் வாசித்தவர் யார் என்று இன்று சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு பதிவிலும் எட்டுப் பேரின் பெயர், ஊர், வாத்தியம், உருப்படி, நாள் ஆகியவற்றை அவர்கள் அறையை விட்டுக் கிளம்பும் முன்பே எழுதிச் சேர்த்துவிட வேண்டும்.